அப்ளிக் துண்டின் ஓரம் மடிப்பது: கஞ்சி வழியும் பசை வழியும்

ஒரு துணியில் இதய வடிவம் வெட்டி, இன்னொரு துணியின் மேல் வைத்துத் தைத்து, அதாவது அப்ளிக் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். வெட்டுவது சுலபம், தைப்பதும் பழகிவிடும். நடுவில் அந்த ஓரத்தை உள்ளே மடிப்பதுதான் கையைப் படுத்தும். ஊசி முனையாலேயே ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டு தைக்கிற பழைய முறை ஒன்று உண்டு. கை பழகியவர்களுக்கு அது அழகாக வரும். புதிதாக வருகிறவர்களுக்கு வளைவெல்லாம் முட்டு முட்டாக நிற்கும், கூர்முனை மழுங்கும், பள்ளமான இடத்தில் நூல் பிரியும். மடிப்பது, மடித்ததைப் பிடித்துக்கொள்வது, தைப்பது என்று மூன்று வேலையை ஒரே நொடியில் இரண்டு கைகளிடம் கேட்பதால் வரும் சிரமம் அது.

வேலையைப் பிரித்துவிட்டால் சிரமம் போய்விடும். முதலில் ஓரத்தை மட்டும் மடித்து, அது அப்படியே நிற்கும்படி செய்துவிடுங்கள். அதன் பிறகு ஊசியை எடுங்கள். மடிப்பை நிறுத்தி வைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று கஞ்சியும் சூடும், மற்றொன்று தண்ணீரில் கரையும் பசை. இரண்டையும் சொல்கிறேன். முதல் துண்டுக்குக் கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. தப்பு வந்தால் தண்ணீர் தொட்டு மறுபடி இஸ்திரி போட்டுச் சரிசெய்துவிடலாம்.

பழகுவதற்கு ஏற்ற வடிவம் இதயம்தான். மேலே இரண்டு வெளி வளைவு, நடுவில் ஒரு பள்ளம், பக்கவாட்டில் ஏறக்குறைய நேர்க்கோடு, அடியில் ஒரு கூர்முனை. அப்ளிக் வேலையில் வருகிற சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு வடிவத்துக்குள் அடங்கிவிடும். உள்ளங்கை அளவுக்கு, 8 அல்லது 10 செ.மீ. உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னதாக வெட்டினால் சுலபம் என்று தோன்றும். வடிவம் சிறுத்தால் வளைவு இறுகும், மடிப்பும் கடினமாகும்.

துணி

முழுப் பருத்தித் துணி எடுங்கள். ரசனைக்காக அப்படிச் சொல்லவில்லை. ஈரம் பட்டதும் பருத்தி இழைக்குள் இருக்கும் பிணைப்புகள் தளர்கின்றன. சூட்டில் ஈரம் ஆவியாகும்போது, இழை அப்போது எந்த வளைவில் இருக்கிறதோ அதே வளைவில் அந்தப் பிணைப்புகள் மறுபடி இறுகிக்கொள்கின்றன. மடிப்பு விழுவது அதனால்தான். கஞ்சி அந்த மடிப்பின் மேல் மெல்லிய படலமாகக் காய்ந்து, அதை அசையாமல் வைத்துக்கொள்கிறது. பாலியஸ்டர் ஈரத்தை இழுக்காது. எவ்வளவு தேய்த்தாலும் மடிப்பு மெல்ல நிமிர்ந்துவிடும். பட்டில் தண்ணீர்த் திட்டு விழும். நெருக்கமான நெசவு உள்ள பருத்தி பிசிறாது, பள்ளமான இடத்தில் கைகொடுக்கும். முதல் துண்டுக்குத் தளர்ந்த நெசவுத் துணி வேண்டாம்.

எல்லாத் துணியையும் முன்கூட்டியே அலசிக் காயவைத்துவிடுங்கள். கஞ்சியானாலும் பசையானாலும், தைத்து முடித்தபின் தண்ணீரில் போட்டுத்தான் ஆக வேண்டும். அன்றைக்குத்தான் சாயம் போகிறது என்று தெரிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. தந்த நிறத் துணியில் ஆழ்ந்த சிவப்பு இதழ்களாக ஒரு பூ தைத்தேன். பத்து நாள் மாலை வேலை. அலசப் போட்ட கால் மணி நேரத்தில் ஒவ்வொரு இதழைச் சுற்றியும் இளஞ்சிவப்பாக ஒரு வளையம் படர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எந்த நிறத்தையும் நான் நம்புவதில்லை. வெள்ளைத் துணித் துண்டை ஈரமாக்கி, நிறத் துணியின் மேல் வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் லேசாக நிறம் ஒட்டினாலும், சாயம் நிற்கிறவரை அதை அலச வேண்டும். நிற்கவே இல்லையென்றால் அந்தத் துணி இந்த வேலைக்கு வேண்டாம். சிவப்பு, கருநீலம், ஊதா மூன்றையும் கட்டாயம் சோதியுங்கள்.

அடித்துணியை முடிவான அளவைவிட ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். தைக்கத் தைக்க அது உள்வாங்கும், ஓரமும் பிசிறும். எல்லாம் முடிந்தபின் சரியான அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம்.

அச்சு

துணி எதன் மேல் மடிகிறதோ, அந்த உறுதியான வடிவத்தைத்தான் அச்சு என்கிறேன். இதற்கு மிகவும் பிடித்தமானது ஃப்ரீசர் பேப்பர். ஒரு பக்கம் சாதாரணக் காகிதம், மறுபக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. அந்தப் பளபளப்புப் பக்கத்தைத் துணியில் வைத்து இஸ்திரி போட்டால் லேசாக ஒட்டும், இழுத்தால் தடயமில்லாமல் வந்துவிடும். ஒற்றைத் தாள் மெல்லியது, ஓரம் துவண்டுவிடும். இரண்டு தாள்களைப் பளபளப்புப் பக்கம் இரண்டும் கீழே பார்க்கும்படி ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துத் தேயுங்கள். இரண்டும் ஒட்டி, அட்டைபோல விறைப்பாகிவிடும். அதில் வெட்டிய அச்சைப் பல முறை திரும்பப் பயன்படுத்தலாம்.

ஃப்ரீசர் பேப்பர் கிடைக்கவில்லையா? மெல்லிய கோப்பு அட்டை போதும். துணியில் ஒட்டாது, விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். சூடு தாங்கும் பிளாஸ்டிக் தாள் என்று தனியாக விற்கிறார்கள், அதுவும் நன்றாக உழைக்கும். சாதாரண பிளாஸ்டிக் தாளை மட்டும் இஸ்திரிப் பெட்டியின் அருகில் கொண்டுவராதீர்கள். சுருண்டு உருகி, துணியையும் பெட்டியையும் சேர்த்தே கெடுத்துவிடும்.

வடிவத்தைப் பென்சிலால் வரையுங்கள், பேனா வேண்டாம். கஞ்சி ஈரம், மை அதில் கரைந்து மேல்துணிக்கு ஊறும். வெட்டும்போது கத்தரிக்கோலை ஒரே நிலையில் வைத்துக்கொண்டு காகிதத்தைத் திருப்புங்கள், வளைவு ஒரே ஓட்டமாக வரும். வெட்டியபின் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை ஓரத்தில் ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத முட்டு விரலுக்குத் தெரியும். அந்த இடத்தை நகம் தேய்க்கும் அட்டையாலோ மெல்லிய உப்புத்தாளாலோ தேயுங்கள். அச்சில் இருக்கிற ஒவ்வொரு மேடும் அப்படியே துணியில் வந்து நிற்கும். அச்சை ஒழுங்காகச் செய்ய ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால், அதே அச்சில் செய்யும் அத்தனை துண்டுகளும் நன்றாக வரும்.

இன்னொன்று, இதைப் பலரும் முதல் தடவை மறந்துவிடுகிறார்கள். அச்சு துணியின் கெட்ட பக்கத்தில், அதாவது பின்பக்கத்தில் உட்காரும். ஆகவே முன்பக்கத்தில் பார்க்கும்போது வடிவம் இடவலம் மாறித் தெரியும். இதயத்துக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான், கவலையில்லை. பறவை, எழுத்து, ஒரு பக்கம் சாய்ந்த இலை என்றால் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி வரைந்துகொள்ளுங்கள்.

துணியை வெட்டுவது

அச்சின் பளபளப்புப் பக்கம் துணியின் கெட்ட பக்கத்தில் படும்படி வைத்து, நீராவி இல்லாத சூட்டில் சில நொடி அழுத்துங்கள். ஆறியதும் ஒட்டியிருக்கும். இப்போது அச்சைச் சுற்றி, மடிப்பதற்கான மார்ஜின் விட்டு வெட்ட வேண்டும். கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. சரியான அளவு. மிகச் சிறிய வடிவங்களுக்கு 5 மி.மீ. போதும். 3 மி.மீ.க்குக் கீழே போனால் துணி பிரிந்துவிடும், மடிக்கும்போது விரலும் சுடும். பயத்தில் அரை அங்குலம் விட்டால் வளைவில் துணி கூடிக்கொண்டு மொத்தையாகும். கண்ணளவில் வெட்டலாம், ஆனால் முதல் இரண்டு மூன்று துண்டுகளுக்கு அளந்து கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டு ஏறி உட்காரப் போகிறதென்றால், அடியில் மறைகிற ஓரத்தை மடிக்கவே வேண்டாம். பூவின் அடியில் போகும் காம்பின் நுனி அப்படித்தான். மடிக்காமல் தட்டையாக விட்டால் மேலே வரும் துண்டும் தட்டையாக உட்காரும்.

கத்தரி போடுவது பற்றி ஒரே ஒரு விதி. வெளியே புடைக்கிற வளைவில் கத்தரி வைக்காதீர்கள். உள்ளே குழிகிற வளைவிலும் பள்ளத்திலும் கட்டாயம் வையுங்கள். வெளி வளைவில் மடிக்கும்போது துணி மிஞ்சுகிறது, அதைச் சின்னச் சின்னச் சுருக்கமாகப் பரப்பிவிடலாம். அங்கே வெட்டினால் ஒவ்வொரு வெட்டும் ஒரு மூலையாகி, வட்டம் பலகோணமாகிவிடும். உள் வளைவில் துணி போதாமல் இழுக்கிறது, வெட்டு விரிந்துகொடுத்தால்தான் மடியும். 5, 6 மி.மீ.க்கு ஒன்றாக, அச்சின் ஓரத்துக்கு 1 மி.மீ. முன்பே நிறுத்துங்கள். வளைவு லேசானதாக இருந்தால் இரண்டு மூன்று வெட்டு போதும். அந்த உள் வளைவு துணியின் கிராஸில், தையல்காரர்கள் உரேப் என்கிற சாய்வில் விழும்படி அச்சை வைத்தால் துணி தானே இழுபடும், வெட்டே தேவைப்படாமலும் போகலாம்.

இதயத்தின் பள்ளத்துக்கு ஒரே ஒரு வெட்டு. நேராக நடுவில், அச்சைத் தொட இரண்டு இழை இருக்கும்போது நிறுத்துங்கள். கத்தரியின் நுனி கூர்மையாக இருக்க வேண்டும்.

கஞ்சி

ஸ்ப்ரே கஞ்சி வைத்திருந்தால் அதன் மூடியிலேயே கொஞ்சம் அடித்து, நுரை அடங்கித் தண்ணீராகும்வரை பொறுங்கள். நேரடியாகத் துணியின் மேல் அடிக்க வேண்டாம். நடுப்பகுதியெல்லாம் நனைந்து, காகிதமும் ஊறிவிடும்.

வீட்டிலேயே காய்ச்சவும் செய்யலாம். மக்காச்சோள ஸ்டார்ச், கார்ன்ஃப்ளார் என்று டப்பாவில் எழுதியிருக்கும் வெள்ளை மாவு, ஒரு மேசைக்கரண்டி. அதைக் கால் கப் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். முக்கால் கப் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, கரைசலை ஊற்றிக் கிளறிக்கொண்டே இருங்கள். வெள்ளையாகப் பால்போல இருப்பது ஒரு நிமிடத்துக்குள் மங்கலான கண்ணாடிபோல ஆகும். 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குள் ஸ்டார்ச் மணிகள் தண்ணீரைக் குடித்து ஊதிக்கொள்வதால் ஏற்படும் மாற்றம் அது. அந்த நிலையைத் தாண்டாமல் இறக்கினால் காய்ந்தபின் வெள்ளை வெள்ளையாகப் பொடி உதிரும். ஆறியதும் தூரிகையில் எடுத்தால் கெட்டி மோர்போல வழிய வேண்டும். கெட்டியாகிவிட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளுங்கள். இரண்டு நாளைக்கு மேல் வைக்காதீர்கள், புளித்துவிடும்.

இஸ்திரிப் பெட்டியைப் பருத்திச் சூட்டில் வையுங்கள், நீராவியை நிறுத்திவிடுங்கள். நுனி மெலிந்த சின்னப் பெட்டி இருந்தால் நல்லது, இல்லையென்றால் பெரிய பெட்டியின் மூக்கு போதும். பலகையின் மேல் பழைய துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள், கஞ்சி அதில்தான் சிந்தும்.

சின்னத் தூரிகையைக் கஞ்சியில் தோய்த்து, அதிகமானதை வழித்துவிட்டு, மார்ஜினில் மட்டும் தடவுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று அங்குல நீளம், அதற்கு மேல் வேண்டாம். பத்து நொடி காத்திருங்கள். இந்தப் பத்து நொடியைப் பொறுமையில்லாமல் விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் கஞ்சி மேலாகவே காய்ந்து ஏடு ஏடாக உரியும், பெட்டியிலும் ஒட்டிக் கருகும். துணி ஊறி நிறம் ஒரே சீராக ஆழமானதும் தயார் என்று அர்த்தம்.

இதயத்தில் முதலில் பள்ளத்தை முடியுங்கள். வெட்டின் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அச்சின் மேல் இழுத்து, பெட்டியின் மூக்கால் அழுத்துங்கள். அழுத்திவிட்டு எடுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் துணி நகரும். ஈரம் போய், சத்தம் அடங்கும்வரை, நான்கைந்து நொடி பெட்டி அங்கேயே இருக்கட்டும்.

அடுத்து வெளி வளைவு. இங்கேதான் நிதானம் வேண்டும். இடது கையில் குத்தூசியோ பல்குத்தும் குச்சியோ வைத்துக்கொள்ளுங்கள். சூட்டிலிருந்து விரலைக் காப்பாற்றுவதும் அதுதான். அதன் நுனியால் மார்ஜினை அச்சின் மையத்தை நோக்கி இழுத்து மடியுங்கள், நேர் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். அரை அங்குலம் மடித்து அழுத்துங்கள். அடுத்த அரை அங்குலத்துக்கு முன், நடுவில் ஒரு சின்னச் சுருக்கம் தானாக எழும்பும். அதை ஒரே மடிப்பாக அமுக்காமல், ஊசி நுனியால் இரண்டு மூன்றாகப் பிரித்துவிட்டு அழுத்துங்கள். சுருக்கம் மார்ஜினுக்குள்ளேயே இருக்கலாம், அச்சின் ஓரத்தை எட்டக் கூடாது. எட்டினால் நல்ல பக்கத்தில் அந்த இடம் மூலையாகத் தெரியும். அப்போது தூரிகையால் ஒரு சொட்டுத் தொட்டு, நிமிர்த்தி, மறுபடி மடியுங்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம். கஞ்சியை நான் சிபாரிசு செய்வது இதற்காகத்தான்.

பக்கவாட்டுக்கு வந்தால் வேலை ஓடும். ஒரே இழுப்பில் முனைவரை மடித்துவிடலாம்.

கூர்முனை. இதயத்தின் முனை 80, 90 டிகிரி அளவில் விரிந்திருந்தால் முதலில் முனைக்கு நேராக உள்ளே மடித்து அழுத்துங்கள், பிறகு ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். மூன்று மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழும். இலை நுனிபோல ஒல்லியாக இருந்தால் இது ஒத்துவராது, மூன்று அடுக்கும் சேர்ந்து குண்டாகிவிடும். அதற்கு, ஒரு பக்கத்தை முனை தாண்டி நேராக மடித்து அழுத்துங்கள். மறுபக்கத்தையும் அதே மாதிரி. முனையில் வாலாகக் கொஞ்சம் துணி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் 3 மி.மீ. மட்டும் வைத்துவிட்டு மீதியை வெட்டிவிடுங்கள், முனையைத் தாண்டி உள்ளே கத்தரி போகக் கூடாது. மீதமிருக்கும் வாலைக் கஞ்சி தொட்டு, ஊசியால் பின்பக்கம் சுருட்டி அழுத்துங்கள்.

எல்லாம் முடிந்ததும் துண்டைத் திருப்பி நல்ல பக்கத்தில் ஒரு முறை அழுத்துங்கள். முழுக்க ஆறட்டும். சூடாக இருக்கும்போது அச்சை உருவினால் மடிப்பு தளரும். ஆறியபின் ஒரு பக்க மடிப்பை லேசாகத் தூக்கி, அச்சை வளைத்து வெளியே எடுங்கள். அச்சை எடுத்தபின் ஓரத்தை மறுபடி ஒரு முறை அழுத்தினால் அப்படியே இருக்கும். இப்போது கையில் இருப்பது, கத்திபோன்ற ஓரத்தோடு, எங்கும் பிசிறில்லாத ஒரு துணி இதயம். முதல் தடவை அதைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்துக்காகவே இந்த வேலையைக் கற்றுக்கொள்ளலாம்.

வட்டங்களுக்கு மட்டும் வேறு வழி. மார்ஜினின் நடுவில் 3, 4 மி.மீ. நீளமாக ஓட்டுத் தையல் சுற்றிலும் போடுங்கள். அச்சை நடுவில் வைத்து நூலை இழுத்தால் துணி பைபோலச் சுருங்கி அச்சைப் பிடித்துக்கொள்ளும். சுருக்கங்களை விரலால் சமமாகப் பரப்பி, கஞ்சி தடவி அழுத்துங்கள். ஆறியதும் நூலைத் தளர்த்தி அச்சை எடுத்துவிட்டு, மறுபடி லேசாக இழுத்து ஓர் அழுத்து. கண் அளவு சின்ன வட்டங்களுக்கு உலோக வாஷரை அச்சாக வைக்கலாம். அது வெகுநேரம் சூடாக இருக்கும், தொடுவதில் கவனம்.

பசை

தண்ணீரில் கரைகிற பசை மட்டும்தான் ஆகும். குழந்தைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும், 'துவைத்தால் போகும்' என்று எழுதியிருக்கும் குச்சிப் பசை நல்லது. நிறமில்லாததாகப் பாருங்கள். துணிக்கென்றே விற்கும் நிரந்தரப் பசை வேண்டாம், துவைத்தாலும் போகாது, ஊசியும் இறங்காது. வெயில் நாளில் குச்சிப் பசை குழைந்துவிடும். வேலைக்கு முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் இறுகி, மெல்லிசாகத் தடவ வரும்.

துணி வெட்டுவதும் கத்தரி வைப்பதும் முன்பு சொன்னதுபோலத்தான். ஆனால் அச்சு ஒற்றைக் காகிதமாக இருக்கட்டும், இது தைத்து முடிக்கும்வரை துணிக்குள்ளேயே இருக்கப் போகிறது. ஒரு துண்டுக்கு ஓர் அச்சு, திரும்பப் பயன்படாது.

பசையை மார்ஜினிலும், அச்சின் ஓரமாக 3 மி.மீ. அகலத்திலும் ஒரே ஓட்டத்தில் தடவுங்கள். விரலில் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், வெள்ளையாக அப்பியிருக்கக் கூடாது. கூடுதலாக இருந்தால் தைக்கும்போது ஊசி ஒட்டி ஒட்டி வரும், மடிப்பிலிருந்து பிதுங்கி நல்ல பக்கத்துக்கும் வரும். பிறகு கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து மடிப்பை உருட்டிக்கொண்டே போங்கள். சூடு இல்லாததால் விரலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், அச்சின் ஓரத்தை விரல் நேராக உணரும். வெளி வளைவில் அரை அங்குலமாக மடிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, 2, 3 மி.மீ.யாக நெருக்கி நெருக்கி மடியுங்கள். பள்ளத்தில் பல்குத்தும் குச்சியின் நுனியில் பசை எடுத்து, வெட்டின் அடியில் ஒரு புள்ளி வையுங்கள். பிரியத் துடிக்கும் அந்த இரண்டு இழையையும் அது கட்டிப்போடும்.

தைத்தபின் காகிதம் எப்படி வரும் என்று கேட்பீர்கள். அடித்துணியைத் திருப்பி, தையலுக்குள்ளே கால் அங்குலம் விட்டு நடுப்பகுதியைக் கத்தரித்து எடுங்கள். மேல்துணி சிக்காமல் இருக்க, முதலில் அடித்துணியை மட்டும் கிள்ளித் தூக்கி ஒரு சின்ன வெட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் 15, 20 நிமிடம் ஊறவிட்டால் பசை கரைந்துவிடும். மூலைக்கு மூலை சாய்வாக லேசாக இழுத்தால் காகிதம் ஓரத்திலிருந்து விடுபடும், இடுக்கியால் பிடித்து உருவிவிடலாம். துண்டு காகிதங்கூட உள்ளே நிற்காமல் பாருங்கள், காய்ந்தபின் தொட்டால் மொறுமொறுக்கும். பின்னால் வெட்டவே மனமில்லை என்பவர்களுக்குக் கஞ்சி வழிதான் சரி.

எப்போது எது

ஒரே மாதிரி நாற்பது இலை வேண்டுமென்றால் கஞ்சி. இரண்டு மூன்று அச்சிலேயே எல்லாம் முடியும், துண்டுகளை முன்கூட்டியே செய்து டப்பாவில் அடுக்கி வைக்கலாம். மெஷினில் தைக்கப் போகிறீர்கள் என்றாலும் கஞ்சி, உள்ளே காகிதம் இல்லாததால் பின்பக்கம் வெட்ட வேண்டியதில்லை. மிகச் சின்ன வடிவம், ஊசி மாதிரி முனை, பல்போல அடுத்தடுத்துப் பள்ளங்கள் என்றால் பசை. பயணத்தில் செய்யவும் பசைதான், இஸ்திரிப் பெட்டி வேண்டாமே. பல நாள் கழித்து நான் வந்து சேர்ந்த வழி இரண்டையும் கலப்பது. வளைவும் நேர் பக்கமும் கஞ்சியில் முடித்துவிட்டு, பள்ளத்துக்கும் ஒல்லி முனைக்கும் மட்டும் ஒரு புள்ளி பசை.

தைப்பது

அடித்துணியில் துண்டை இடம் பார்த்து வைத்து, மடித்த மார்ஜினின் அடியில் ஓர் அங்குலத்துக்கு ஒரு பசைப் புள்ளி வைத்தால் குண்டூசியே வேண்டாம், நூல் சிக்காது. ஓரத்தை ஒட்டி வைக்காமல் கொஞ்சம் உள்தள்ளி வையுங்கள், ஊசி போகும் பாதை சுத்தமாக இருக்கட்டும்.

நூலின் நிறம் மேலே வைக்கும் துண்டின் நிறமாக இருக்க வேண்டும். சரியாகக் கிடைக்காவிட்டால் ஒரு பங்கு ஆழ்ந்த நிறமாக எடுங்கள், வெளிர் நிறம் கண்ணில் படும். 50 அல்லது 60 எண் பருத்தி நூல், 10 அல்லது 11 எண் மெல்லிய ஊசி. கையால் மறைதையல் போடும்போது ஊசி மடிப்பின் விளிம்பில் ஓரிரு இழையை மட்டும் பிடித்து மேலே வரட்டும். அதற்கு நேர் எதிரே, மடிப்புக்குச் சற்று அடியில் இறங்கட்டும். முன்னே நகர்வதெல்லாம் பின்பக்கத்தில். தையலுக்குத் தையல் 2, 3 மி.மீ. நேரான பக்கத்தில் ஆரம்பியுங்கள், முனையில் ஆரம்பிக்காதீர்கள். பள்ளத்தில் மூன்று தையலை நெருக்கமாகப் போட்டு, நடுத்தையல் கொஞ்சம் ஆழமாகத் துணியைப் பிடிக்கும்படி விடுங்கள்.

மெஷினில் என்றால் கண்ணுக்குத் தெரியாத ஒற்றை இழை நூலும் 60 அல்லது 70 எண் ஊசியும் போட்டு, 1 மி.மீ. அகலத்தில் குறுகிய ஜிக்ஜாக். ஒரு குத்து அடித்துணியில், அடுத்தது மடிப்பின் மேல்.

அலசுவது

கஞ்சியோடு அப்படியே அலமாரியில் வைத்துவிடாதீர்கள். ஸ்டார்ச்சைத் தேடி வெள்ளி மீன் பூச்சி வரும், துணியையும் சேர்த்து அரிக்கும். பசையை விட்டுவைத்தால் நாளாக ஆக விறைத்துப்போகும். முன்கூட்டியே மடித்து வைத்த துண்டுகளையும் சில வாரங்களுக்குள் தைத்துவிடுங்கள்.

அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் வைத்து, துணி மிதக்கும்படி போடுங்கள். தண்ணீர் அதிகமாக இருந்தால் தப்பித் தவறிச் சாயம் வெளியே வந்தாலும் நீர்த்துப்போகும். தண்ணீர் நிறம் மாறினால் துணியை அசையாமல் கிடக்க விடாதீர்கள், நிறம் நிற்கும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம். டவலில் சுருட்டி அழுத்தி எடுத்து, தட்டையாக விரித்துக் காயவிடுங்கள்.

கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே, தடித்த டவலின் மேல் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி போட்டுப் பின்பக்கத்திலிருந்து இஸ்திரி போடுங்கள். டவலின் மென்மையில் இதயம் அமுங்கி உட்காரும், மார்ஜினின் தடம் முன்பக்கத்தில் பதியாது. முழுக்கக் காய்ந்தபின் அடித்துணியை அளந்து, நான்கு பக்கமும் சரியான அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.